அடியில்லாத புகைபோக்கி

தக்சிகா இங்கிலாந்துக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் போன வருடம் வைகாசி மாதம், மூன்று கிழமையாக, காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் நாலரை வரை அவள் நோர்போக் என்ற பகுதியில் இருந்த ஒரு பண்ணை வீட்டுக்குள்தான் இருந்தாள். எந்தப் படியால் இறங்கினால் எந்த அறை வரும், எந்தக் கதவு நிலை தலையில் இடிக்கும், எந்த யன்னலைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அவள் மன்னாருக்குப் பக்கத்தில் அடம்பன் என்ற ஊர்ப் பிள்ளை. வீட்டில் வயலும் நாலு மாடும் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பை முடித்துவிட்டுக் கொழும்பில் ஐந்து வருடம் வேலை செய்தாள். அந்த நிறுவனம் மூடப்பட்டதும் ஊருக்குத் திரும்பினாள். மன்னார் பட்டினத்தில் ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடியில் றொட்னி நடத்திய சின்னக் கந்தோரில் வேலை கிடைத்தது. றொட்னிக்கு நாற்பது வயதிருக்கும். எதற்கும் முதலில் பயந்து பிறகு துணிகிற மனிதர்.

இங்கிலாந்திலுள்ள ஒரு அளவீட்டு நிறுவனம் அவருக்கு வேலை அனுப்பிக்கொண்டிருந்தது. பழைய வீடுகளைத் திருத்த விரும்புகிறவர்கள், கை வைப்பதற்கு முன் வீடு இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே வரைந்து கொடுக்கவேண்டும். நிறுவனத்தின் ஆள் கொலின் அறைக்கு அறை ஒரு லேசர் கருவியை வைத்துச் சுழற்றுவார். சுவர், கூரை, கதவு, கதிரை என்று கண்டதையெல்லாம் அது கோடிக்கணக்கான சாம்பல் நிறப் புள்ளிகளாக அளந்து தரும். அந்தப் புள்ளிகளை மன்னாரில் இருந்து கோடுகளாக்குவது தக்சிகாவின் வேலை.

தேவாலயம், பள்ளிக்கூடம், மதுக்கடை என்று பல கட்டடங்களை அவள் வரைந்திருந்தாள். ஆனால் இந்த வீடு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. முழுக்கச் செங்கல். பக்கச் சுவர் கூரையைத் தாண்டிப் படிப்படியாக உயர்ந்து முடிந்தது. அதன் நெற்றியில் கல்லை வெளியே தள்ளி வைத்து 1694 என்று கட்டியிருந்தார்கள். முன்சுவரில் ஒரு கல்லை நீளவாட்டில், அடுத்த கல்லைத் தலைவாட்டில் என்று மாற்றி மாற்றி வைத்து, மூட்டுகளை மெல்லிசாகப் பிடித்திருந்தார்கள். வருகிறவர் பார்க்கிற பக்கம் அது. பின்பக்கம் அந்தக் கவனம் இல்லை. அங்கே கட்டியவர்கள் மழைக்கு முன் முடித்துவிட அவசரப்பட்டிருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சுவர் வெளியே சாய்ந்துவிடாமல் இருக்க, மாடியின் உத்தரங்களோடு சேர்த்து, வெளியே பாம்பு வளைந்ததுபோல் இரும்புத் தகடுகளைப் பூட்டியிருந்தார்கள். வடக்குப் பக்கமாக இரண்டு படி தாழ்ந்து ஒரு அறை. செங்கல் நிலம், வெயில் படாத ஒரேயொரு யன்னல். கொலினின் குறிப்பைப் பார்க்க முன்பே அது பால் வைக்கிற அறை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுடைய அம்மா பரமேஸ்வரியும் பால் சட்டியை வீட்டின் வடக்கு மூலையில்தான் வைப்பாள்.

பிரச்சினை ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது.

நிலப்படம், முகப்புப் படம் எல்லாம் முடிந்திருந்தன. குறுக்குவெட்டு மட்டும் மிச்சம். பேக்கரிப் பாணைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தெரிவதுபோல, வீட்டை மேலிருந்து கீழே வெட்டிக் காட்டுகிற படம் அது. தக்சிகா நடுப் புகைபோக்கி வழியாக வெட்டினாள். கூரைக்கு மேல் ஆள் உயரத்துக்கும் அதிகமான செங்கல் கட்டு. கூரைக்குள் அதே கட்டு, ஆறடி அகலம், இரண்டடிக்கு மேல் தடிப்பு. அதன் கீழே ஒரு படுக்கையறை; அங்கேயும் அதே கட்டு, அடைத்த அடுப்பு வாயோடு. அதற்கும் கீழே சமைக்கிற குசினி. குசினியில் ஒன்றுமில்லை. தட்டையான கூரை, வெறுங்காற்று, நேர் கீழே ஒரு நீண்ட மேசை, சுற்றிவர ஆறு கதிரை.

அவள் முதலில் தன்னைத்தான் சந்தேகித்தாள். மேல்வீட்டுப் புள்ளிகளையும் கீழ்வீட்டுப் புள்ளிகளையும் பொருத்தும்போது ஆறடி பிசகியிருந்தால் இப்படி ஒரு பொய்யான படம் வரலாம். படிக்கட்டை வைத்துப் பார்த்தாள். வெளிச்சுவரின் மூலைகளை வைத்துப் பார்த்தாள். மற்ற இரண்டு புகைபோக்கிகளைப் பார்த்தாள்; அவை அத்திவாரம் வரை ஒழுங்காக இறங்கின. எங்கேயும் நாலு மில்லிமீற்றருக்கு மேல் பிசகில்லை. பொருத்தம் சரி. குசினியில் ஒரு காலத்தில் பெரிய அடுப்பும் அதைச் சுற்றிய கட்டும் இருந்திருக்கவேண்டும். யாரோ இடம் எடுப்பதற்காக அதை உடைத்துவிட்டு மேலே உள்ளதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து அப்துல் றசாக் கந்தோருக்குள் வந்தார். சிலாவத்துறைக்காரர், வீடு கட்டுகிற கொந்தராத்து வேலை செய்பவர். பட்டினத்தில் தான் கட்டப்போகிற ஒரு கடையின் வரைபடத்தை, நகரசபைக்குக் கொடுப்பதற்காக, வாங்கிப்போக வந்திருந்தார்.

"றசாக் நானா, ஒரு நிமிசம் இதைப் பாருங்கோ," என்று தக்சிகா திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"தங்கச்சி, இந்தக் கட்டு எங்க போய் நிக்கிது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

"கீழ இரும்பு கிரும்பு குடுத்திருக்கா?"

"தெரியேல்ல. குசினிக் கூரை பூசி மூடியிருக்கு. ஆனா மாடி நிலத்தின்ர தடிப்பு மற்ற இடத்தில என்னவோ, அதுதான் இங்கயும். இதைத் தாங்கிற அளவுக்கு இரும்பு வைக்க அதுக்குள்ள இடமில்ல."

றசாக் வாய்க்குள் கணக்குப் போட்டார். "ஒரு டிப்பர் கல்லு வரும். கூடவும் வரலாம். ஒரு டிப்பர் கல்லைத் தலைக்கு மேல வைச்சிட்டுக் கீழ இருந்து சாப்பிடுறாங்களா இவங்க?"

"இவ்வளவு நாளும் விழேல்லத்தானே நானா."

"சண்டை முடிஞ்சு மீளக் குடியேறின நேரம் எங்கட ஊர்ல ஒரு வீட்டுல ஷெல் பட்டுத் தூண் போயிட்டு. மேல கொங்கிறீட் பிளேட் மட்டும் கம்பியில நிண்டது. கீழ அடுப்பு வைச்சு மூணு மாசம் சமைச்சாங்க. ஒருநாள் பின்னேரம் தண்ணி அள்ளப் போய்த் திரும்பி வர, பிளேட் அடுப்புக்கு மேல கிடக்குது. ஒரு சத்தம் முன்னுக்குக் கேக்கல்ல. அல்லாஹ் காப்பாத்தினான்." அவர் நிமிர்ந்தார். "நான் எண்டா இப்பவே சொல்லுவன்."

சொல்வது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. கொலினுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். அடுத்த புதன்கிழமை வரை விடுமுறை என்று தானாக ஒரு பதில் வந்தது. வேலைக் குறிப்பில் இன்னொன்றும் இருந்தது: கூரை திருத்துகிறவர்கள் திங்கட்கிழமை சாரம் கட்டி ஏறுகிறார்கள். சாரம் வருகிற இடத்தில் அந்தப் புகைபோக்கியும் இருந்தது. நிறுவனத்தின் கந்தோருக்குப் பலமுறை அழைத்தார்கள். செய்தியை விடச் சொல்லி ஒரு குரல்தான் வந்தது. விட்டார்கள்.

"வீட்டுக்காரருக்கே சொல்லுவம்," என்றாள் தக்சிகா.

றொட்னி தலையில் கை வைத்தார். "ஒப்பந்தத்தில என்ன இருக்கு? உள்ளதை வரையிறது மட்டும்தான் எங்கட வேலை. வாடிக்கையாளரோட கதைக்கவே கூடாது. நீர் சொல்லுறது பிழையெண்டா இந்த வேலையே போயிடும், தக்சிகா."

"சரியெண்டா, அண்ணை?"

றொட்னி எழுந்து யன்னலடிக்குப் போனார். கீழே தெரு நிழலில் இரண்டு கழுதைகள் அசையாமல் நின்றன.

"நம்பர் இருக்கோ?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

நம்பர் இருந்தது. கொலின் கடைசியாகக் கருவியை வைத்தது வீட்டு வாசலில். அது எடுத்த சாம்பல் நிறப் படத்தில் படலையில் தொங்கிய ஒரு பலகை தெளிவாக விழுந்திருந்தது. முட்டை விற்பனைக்கு என்று எழுதி, கீழே தொலைபேசி இலக்கம் போட்டிருந்தார்கள்.

மன்னாரில் அப்போது பகல் ஒன்றரை, அங்கே காலை ஒன்பது. ஒரு பெண் எடுத்தாள். தக்சிகா ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லி, இலங்கையிலிருந்து பேசுகிறேன், உங்கள் வீட்டைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் என்று தொடங்கினாள்.

"எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், நன்றி," என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

றசாக் இன்னும் போகவில்லை. தன் படத்தை மறந்து ஒரு கதிரையில் இருந்தார். "வெளிநாட்டு நம்பர் எண்டதும் கள்ளர் எண்டு நினைச்சிருப்பா," என்றார். "திரும்ப எடுங்க. அந்த வீட்டைத் தெரிஞ்ச ஆள் மாதிரிக் கதைங்க."

தக்சிகா திரும்ப எடுத்தாள். மணி நீண்ட நேரம் அடித்தது. அந்தப் பெண் எடுத்த உடனேயே தக்சிகா மூச்சு விடாமல் பேசினாள்.

"தயவுசெய்து வைக்க வேண்டாம். உங்கள் பால் அறைக்குள் இறங்க இரண்டு படி. மாடியில் மூன்றாவது யன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறது. கூரைக்குள் புகைபோக்கிக்குப் பக்கத்தில் ஒரு கால் உடைந்த தொட்டில் இருக்கிறது. கொலின் உங்கள் வீட்டை அளந்தார் அல்லவா? அதை வரைகிறவள் நான்."

"சொல்லுங்கள்," என்றது மறுபக்கத்துக் குரல்.

அவள் பெயர் றூத். அந்தப் பண்ணையில் கணவனோடும் ஆறு வயது மகளோடும் ஆடு வளர்க்கிறாள். தக்சிகா குறுக்குவெட்டுப் படத்தை அவளுடைய கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, தான் கண்டதைச் சொன்னாள். பிழையாகவும் இருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை.

"நான் இப்போது அந்த மேசையில்தான் இருக்கிறேன்," என்றாள் றூத்.

"எழும்பி வெளியே போங்கள். மேல் அறையில் யார் படுக்கிறார்கள்?"

"என் மகள். பள்ளிக்கூடம் போய்விட்டாள்."

"பொறுப்பான கட்டடக்காரர் ஒருவர் வந்து பார்க்கும்வரை அந்த இரண்டு அறைக்கும் யாரும் போகவேண்டாம். திங்கட்கிழமை ஆட்கள் கூரையில் ஏறக்கூடாது. பார்த்துவிட்டு நான் சொன்னது பிழை என்றால் என்னை ஏசுங்கள், சந்தோசமாகக் கேட்டுக்கொள்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. றூத்திடமிருந்து அல்ல, நிறுவனத்திலிருந்து. வாடிக்கையாளரை நேரடியாக அழைத்தது ஒப்பந்த மீறல், விளக்கம் தேவை என்று நாலு வரி. றொட்னி இரண்டு தரம் வாசித்தார். தக்சிகா அழத் தயாராக நின்றாள். அவர் ஏசவில்லை.

"தேத்தண்ணி குடிப்பம், வாரும்," என்றார்.

சனியும் ஞாயிறும் எந்தச் செய்தியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அடம்பனில் மாட்டுக்குத் தவிடு கரைக்கும்போதுகூட அவளுக்கு அந்த மேசைதான் கண்ணுக்குள் நின்றது. தன்னுடைய பிழையால் றொட்னியின் கந்தோரில் இன்னும் இரண்டு பேருக்கு வேலை போய்விடுமோ என்று நினைத்து நினைத்து இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

"பிள்ளை, பிழையாப் போனாலும் ஒருத்தரைத் தட்டி எழுப்பினதுதானே. அதில என்ன குற்றம்?" என்றாள் பரமேஸ்வரி, சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போகும்போது.

திங்கட்கிழமை பின்னேரம் கொலின் விடுமுறையிலிருந்தபடியே எழுதியிருந்தார். கட்டடக்காரர் மேல் அறையில் இரண்டு பலகைகளைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். ஐம்பது வருடத்துக்கு முன் குசினி அடுப்பை உடைத்தவர்கள், மேலே உள்ள கட்டுக்கு எங்கிருந்தோ கழற்றிய ஒரு பழைய ஓக் மரத்தை மட்டும் குறுக்கே கொடுத்திருந்தார்கள். புகைபோக்கி வழியாக வருடக்கணக்காக மழைத்தண்ணீர் கசிந்து, சுவருக்குள் இருந்த அந்த மரத்தின் ஒரு முனை உளுத்துப்போயிருந்தது. விரலை வைத்து அமத்த, விரல் உள்ளே போனதாம். அன்றைக்கே இரும்புக் கால்கள் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். கூரையில் ஆள் ஏறித் தட்டியிருந்தால் அது நின்றிருக்காது என்று கட்டடக்காரர் சொல்லியிருந்தார்.

கடிதத்தின் கடைசி வரிகளை றொட்னி சத்தமாக வாசித்தார்: "அந்த மேசைக்குப் பக்கத்தில் நான் கருவியோடு ஒரு மணித்தியாலம் நின்றேன். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பார்த்ததற்கு நன்றி."

வாசித்து முடித்துவிட்டு அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். தக்சிகா கதிரையில் இருந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்து மேசைப் பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நிறுவனம் அதற்குப் பிறகு விளக்கம் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து றூத் எழுதிக் கேட்டிருந்தாள்: உங்களுக்கு நாங்கள் என்ன செய்யலாம்? என்ன அனுப்பலாம்? தக்சிகா இரண்டு நாள் யோசித்துவிட்டு, வீட்டைக் காட்டுங்கள் என்று எழுதினாள்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கந்தோரில் எல்லாரும் திரைக்கு முன்னால் இருந்தார்கள். றசாக்குக்கும் சொல்லியிருந்தாள். அவர் மனைவி ஷப்னா செய்துகொடுத்த வட்டிலப்பத்தோடு வந்திருந்தார்.

றூத் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். தக்சிகா திரைக்குக் கிட்டப் போனாள். மூன்று கிழமையாக அவள் சாம்பலாகவே பார்த்த சுவர் அது. செங்கல் என்றால் சிவப்பு என்றுதான் நினைத்திருந்தாள். வெயிலில் அந்தச் சுவரில் மஞ்சள் கலந்த சிவப்பு, நாவற்பழ நிறம், சூளையில் நெருப்புக்குக் கிட்ட இருந்து கறுத்துப்போன தலைகள் எல்லாம் இருந்தன. மூட்டுகளில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"இப்போது எங்கே போகட்டும்?" என்று றூத் கேட்டாள்.

"உள்ளே வந்து இடது பக்கம். குனியுங்கள், நிலை தாழ்வு."

றூத் சிரித்துக்கொண்டே குனிந்தாள். "நீங்கள் எனக்கு என் வீட்டைக் காட்டுகிறீர்கள்."

குசினிக்குள் வந்ததும் றசாக் முன்னுக்கு வந்தார். கூரையைத் திறந்து, செங்கல் கட்டுக்குக் கீழே புது இரும்பு உத்தரம் கொடுத்திருந்தார்கள்.

"தங்கச்சி, ரெண்டு தலைப்பும் சுவருக்குள்ள எப்பிடி இருக்கிது எண்டு காட்டச் சொல்லுங்க."

றூத் ஒரு கதிரையில் ஏறி முனையைக் காட்டினாள். இரும்புக்குக் கீழே கனமான கல் ஒன்றை வைத்துச் சுமையைச் சுவரில் பரப்பியிருந்தார்கள். மற்ற முனையையும் காட்டச் சொன்னார். அதையும் காட்டினாள்.

"நல்லாத்தான் வைச்சிருக்கிறாங்க," என்றார் றசாக், தன் சொந்த வேலையைப் பார்த்ததுபோல். தக்சிகா மொழிபெயர்த்தாள். "உங்களை இரண்டாந்தரம் அழைக்கச் சொன்னது இவர்தான்," என்று அறிமுகப்படுத்தினாள்.

றூத் கதிரையிலிருந்து இறங்கினாள். "நான் உங்கள் அழைப்பை வெட்டினேன்," என்றாள். "என் மகள் எடித் தினமும் இந்த மேசையில்தான் வீட்டுப்பாடம் செய்வாள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை."

"மறுபடியும் மணி அடித்தபோது நீங்கள் எடுத்தீர்களே," என்றாள் தக்சிகா. "நான் உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். முகம் தெரியாத ஒருத்தி சொன்னதை நம்பி எழும்பி வெளியே போனீர்கள். என்னை அப்படி யாரும் நம்பினதில்லை."

றொட்னி பின்னால் நின்று கண்ணாடியைத் துடைத்தார்.

கடைசியாகப் பால் அறைக்குப் போனார்கள். எடித் ஓடிவந்து, "பூனையைக் காட்டு, அம்மா, பூனையைக் காட்டு," என்று தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். எந்தப் பூனை என்று தக்சிகாவுக்கு விளங்கவில்லை. றூத் கைப்பேசியைச் செங்கல் நிலத்துக்குக் கிட்டப் பிடித்தாள். சுவரோரமாக நாலு கற்களில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு உள்ளங்கால், நாலு விரல். கல்லைச் சுடுவதற்கு முன், ஈரமாகக் காய வைத்திருந்தபோது ஒரு பூனை மேலால் நடந்து போயிருக்கிறது. கொத்தர்கள் அந்தக் கற்களை எறியாமல், பூனை போன வழி தெரியும்படி வரிசையாகப் பதித்திருந்தார்கள்.

"ஐயோ!" என்று தக்சிகா வாய்விட்டுச் சிரித்தாள். "நான் இதைக் கல்லு பழுதெண்டெல்லோ குறிச்சு வைச்சிருக்கிறன்!"

அவள் தமிழில்தான் சொன்னாள். ஆனாலும் அங்கே எடித்தும் சேர்ந்து சிரித்தாள்.

திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாகப் படத்தைத் திருத்தினாள். இரும்பு உத்தரத்தை அளவோடு வரைந்தாள். பால் அறையில் "பழுது" என்று போட்டிருந்த குறிப்பை அழித்துவிட்டு, நாலு கால்தடத்தையும் அவை போகிற திசையிலேயே வரைந்து, "பூனையின் காலடிகள்" என்று ஆங்கிலத்தில் எழுதினாள். கொலின் ஒரு கோட்டையும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டார். அந்தக் கிழமையே றொட்னியிடம் இன்னொரு பண்ணை வீட்டின் புள்ளிகள் வந்து சேர்ந்தன. தக்சிகா கோப்பைத் திறந்து, முதலில் புகைபோக்கிகளைப் பார்த்தாள்.